எழுந்திராத கணினியும் எழுதிவைத்த தகடுகளும்

நோய்க்குரிய மருந்து வீட்டிலேயே இருந்தும், அதனை விழுங்கமாட்டாத நிலையை நோயாளி எய்திவிடின், சுற்றத்தார் படும் துயரம் சொல்லுந்தரமன்று. அத்தகையதொரு நிலை சென்ற கோடை விடுமுறையில் வாலாஜாபேட்டையில் எமது இல்லத்து மடிக்கணினிக்கு நேர்ந்தது. கணினி இயங்கவில்லை. அதனை மீண்டும் இயக்குதற்கென்றே பல்லாண்டுகளுக்கு முன் எழுதிவைத்த மீட்புத் தகடுகள் நான்கும் கையில் இருந்தன. அவற்றை இட்டபோதும் அஃது எழவில்லை. அஃது ஏன் எழவில்லை என்பதையும், அக்காரணத்தை யாம் படிப்படியாகத் தேடிக் கண்ட முறையையும், அத்தேட்டத்தின் நடுவே எத்துணைப் பெரிய இழப்பினின்றும் மயிரிழையில் தப்பினோம் என்பதையும் ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

தமிழிலக்கியம் பயிலும் மாணவர்க்கு எந்திரத்தைப் பற்றிய இவ்வாராய்ச்சி எற்றுக்கு என்று நேயர் வினவலாம். காரணம் உண்டு. 1866-ஆம் ஆண்டிலேயே நகராட்சியான வாலாஜாபேட்டை, பட்டு நெசவுக்குப் பெயர் பெற்றது. அதனை அடுத்துள்ள இராணிப்பேட்டையோ தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர் பெற்றது. எமது பாட்டனார் அங்கு ஒரு தோல் பதனிடும் சாலையில் தம் இளமை முதல் உழைத்தவர். குரோமிய உப்புகளைக் கொண்டு பதனிடும் முறை எங்கும் பரவுவதற்கு முன், ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு தோலைப் பதப்படுத்திய பழைய முறையை அவர் நன்கறிவார். அத்தொழிலாளர் தம்முள் வழங்கிய சொற்கள் பல எந்த அகராதியிலும் எமக்குக் கிடைத்தில. யாம் மேனிலைப் பள்ளியில் பயின்ற நாளில், மாலைதோறும் அவரருகே அமர்ந்து அச்சொற்களைக் கேட்டு ஒலிப்பதிவு செய்துவந்தோம். அவ்வாறு சேர்ந்த பதிவுகள் முப்பத்தொன்று. பாட்டனார் சென்ற ஆண்டு காலமானார். பதிவுகள் யாவும் அம்மடிக்கணினி ஒன்றிலேயே இருந்தன. வேறு படி எடுத்துவைக்க வேண்டுமென்னும் எண்ணம் எமக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

நிற்க. மீட்புத் தகடு என்பது யாதென முதற்கண் கூறுவோம். முற்காலத்தில் கணினி வாங்குவோர்க்கு விற்பனையாளர் இயங்குதளத் தகடுகளையும் உடன் கொடுப்பது வழக்கம். பின்னர்ச் செலவைக் குறைக்கும் பொருட்டு, உற்பத்தியாளர் பலர் அவ்வழக்கத்தைக் கைவிட்டனர். அவர்கள் வன்தட்டின் ஒரு மறைவான பகுதியில் இயங்குதளத்தின் மூலப்படியை வைத்து, "இதனைத் தகடுகளில் எழுதிக்கொள்க" என்று உரிமையாளரிடமே பொறுப்பை ஒப்படைத்தனர். எமது தமையனார் 2012-ஆம் ஆண்டில் அம்மடிக்கணினியை வாங்கியவுடன், அவ்வறிவிப்பின்படியே நான்கு டி.வி.டி. தகடுகளில் மீட்புப் படியை எழுதி, எண்ணிட்டு, உறையிலிட்டுச் சாளரத்தருகே உள்ள அலமாரியில் வைத்துவிட்டார். எழுதிய தகடு இயங்குகின்றதா என்று ஒருமுறையேனும் சோதித்துப் பார்த்தாரல்லர். இக்குறை எமது தமையனார்க்கு மட்டும் உரியதன்று. 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் தமிழ்நாட்டு அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியபின், எமது வட்டாரத்தில் கணினியைக் கண்டறியாத எளிய இல்லங்களிலும் மடிக்கணினி புகுந்தது. அவ்வாண்டுகளில் வந்த கணினிகள் பலவும் இப்பொழுது முதுமையெய்தி நிற்கின்றன. ஆதலின் எமது வரலாறு பிறர்க்கும் பயன்படும் என்பது எமது துணிபு.

கணினி எவ்வாறு விழித்தெழுகின்றது என்பதை அறிந்தாலன்றி, அஃது ஏன் எழவில்லை என்பதை அறிதல் இயலாது. மின்விசையை அழுத்தியவுடன் கணினிக்கு விண்டோஸ் என்பதும் தெரியாது, தமிழ் என்பதும் தெரியாது. அதன் தாய்ப்பலகையில் பதிந்துள்ள சிறியதொரு நிரலே முதலில் இயங்கும். பழைய கணினிகளில் அதற்குப் பயாஸ் என்று பெயர். புதியவற்றில் யு.இ.எஃப்.ஐ. என்பது அவ்விடத்தைப் பெற்றுள்ளது. அந்நிரல் நினைவகம், விசைப்பலகை முதலியவற்றைச் சோதித்துவிட்டு, இயங்குதளத்தைத் தேடிப் புறப்படும். எங்கெங்கே எந்த முறையில் தேடவேண்டுமென்பதற்கு ஒரு வரிசை உண்டு. வன்தட்டு முதலா, தகட்டியக்கி முதலா, பென் டிரைவ் முதலா என்பதை அவ்வரிசையே உறுதி செய்யும்.

தகட்டினின்றும் கணினியை எழுப்புவதற்கு 1995-ஆம் ஆண்டில் ஐ.பி.எம்., ஃபீனிக்ஸ் என்னும் இரு நிறுவனத்தார் ஒரு நெறியை வகுத்தனர். அதற்கு எல் டொரிட்டோ என்று பெயர். தகட்டிலுள்ள செய்தி, ஒவ்வொன்றும் 2048 பைட்டுகள் கொண்ட சிறு பகுதிகளாகப் பகுக்கப்பட்டிருக்கும். பூச்சியத்திலிருந்து எண்ண, பதினாறாம் பகுதியில் தகட்டின் பெயர் முதலிய விவரம் இருக்கும். பதினேழாம் பகுதியில், "எழுப்பும் நிரல் இன்ன இடத்தில் உள்ளது" என்னும் குறிப்பு இருக்கும். கணினி அக்குறிப்பைப் படித்தால் எழும். படிக்க இயலாவிடின், தகடு இருந்தும் இல்லாததே போலக் கருதி, வரிசையிலுள்ள அடுத்த பொருளை நாடிச் சென்றுவிடும். எமது கணினி அவ்வாறே தகட்டைச் சிறிது நேரம் சுழற்றிவிட்டு, வன்தட்டை நாடி, "இயங்குதளம் காணப்படவில்லை" என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் ஒரு வரியைத் திரையில் காட்டி நின்றது.

இனி, யாம் சோதித்த முறையைக் கூறுவோம். தோல் பதனிடும் தொழிலில் முறை பிறழ்தல் கூடாதென்று பாட்டனார் அடிக்கடி சொல்லுவார். சுண்ணாம்பில் ஊறி மயிர் நீங்காத தோலைப் பட்டைச் சாற்றில் இட்டால், பட்டையும் வீண், தோலும் வீண். கணினிப் பழுது பார்ப்பதும் அத்தன்மையதே. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, விளைவைக் கண்டு, அதன் பின்னரே அடுத்ததற்குச் செல்லல் வேண்டும். பலவற்றை ஒருங்கே மாற்றுவோர் பழுது நீங்கினும் காரணத்தை அறியார்.

முதற்கண் தகட்டின் எண்ணைப் பார்த்தோம். பல தகடுகள் கொண்ட தொகுதியில் பொதுவாக முதற்றகடு ஒன்றே கணினியை எழுப்ப வல்லது. ஏனையவை அது கேட்கும்போது கொடுக்கவேண்டியவை. எமது கையிலிருந்தது முதற்றகடே. அடுத்துத் தேடும் வரிசையைப் பார்த்தோம். மின்விசையை அழுத்தியவுடன் எஃப்2, எஃப்12, எஸ்கேப் முதலிய விசைகளுள் அவ்வக் கணினிக்குரியதை அழுத்தினால் இவ்வரிசை திரையில் தோன்றும். எமது கணினியில் வன்தட்டே முதலில் நின்றது. தகட்டியக்கியை அதற்கு முன்னே வைத்துச் சேமித்தோம். சில தகடுகள், "ஏதேனும் ஒரு விசையை அழுத்துக" என்று சில விநாடிகள் மட்டும் கேட்டு, அழுத்தாவிடின் விலகிச் செல்லும் இயல்பின என்பதனால், திரையை விட்டுக் கண்ணை எடாமலும் இருந்தோம். ஆயினும் பழைய வரியே மீண்டும் தோன்றியது.

பின்னர்த் தகட்டியக்கியையே ஐயுற்றோம். கணினி இதழொன்றுடன் இலவசமாக வந்த லினக்ஸ் தகடு ஒன்று வீட்டில் கிடந்தது. அதனை இட்டவுடன் வரவேற்புத் திரை பளிச்சென்று தோன்றியது. வரிசை சரியே என்பதும், இயக்கி முற்றும் பழுதுபடவில்லை என்பதும் இதனால் விளங்கின. எமக்கு வேண்டியது விண்டோஸ் ஆதலின், "இது நமக்கு எற்றுக்கு?" என்று அந்த லினக்ஸ் தகட்டை வெளியே எடுத்து வைத்துவிட்டோம். அச்செயலின் பேதைமையைப் பின்னர்க் காண்பீர்கள்.

ஒரு தகட்டைப் படிக்கும் இயக்கி மற்றொன்றைப் படியாமற் போவது எங்ஙனம்? ஆலையில் செய்யப்படும் தகட்டில் செய்தி, அச்சிட்டாற்போல, நுண்ணிய பள்ளங்களாகப் பதிக்கப்பட்டிருக்கும். நாம் வீட்டில் எழுதும் தகட்டில் பள்ளம் இல்லை. அதில் ஒரு சாயப்பூச்சு உண்டு. லேசர் ஒளியால் அச்சாயத்தை ஆங்காங்கே சுட்டு நிறம் வேறுபடுத்துவதே எழுதுதல் எனப்படும். இவ்விரண்டுள் பின்னதில் ஒளி திரும்பி வரும் வேறுபாடு மங்கலாயிருத்தல் இயல்பு. படிக்கும் வில்லையில் தூசு படிந்தாலும், முதுமையால் லேசரின் ஒளி குன்றினாலும், ஆலைத் தகடு படிக்கப்படும், வீட்டுத் தகடு படிக்கப்படாது. அச்செழுத்தைப் படிக்கும் முதியவர் மங்கிய கையெழுத்தைப் படிக்க இடர்ப்படுதல் போன்றதே இது.

எனினும் குற்றம் இயக்கியினதா, தகட்டினதா என்று முடிவு செய்யும் பொருட்டு, அம்முதற்றகட்டை நண்பர் ஒருவரது கணினியில் இட்டுப் பார்த்தோம். இங்கே பலர் செய்யும் பிழையொன்றைச் சுட்டுதல் வேண்டும். இயங்குதளம் பெரும்பாலும் ஐ.எஸ்.ஓ. என்னும் ஒற்றைக் கோப்பாகக் கிடைக்கும். அதனைப் பிற கோப்புகளைப் போலத் தகட்டில் படியெடுத்தால் தகடு கணினியை எழுப்பாது. விதைகளை விதைப்பதற்கு மாறாக, விதைப்பொட்டலத்தைப் பிரியாமல் மண்ணிற் புதைத்தது போலாகும். "பிம்பமாக எழுதுக" என்னும் முறையில் எழுதினால்தான் உள்ளிருப்பவை விரிந்து, பதினேழாம் பகுதியில் உரிய குறிப்பும் அமையும். தகட்டைத் திறக்கும்போது ஒற்றை ஐ.எஸ்.ஓ. கோப்பு மட்டும் தோன்றினால் பிழை இதுவென அறிக. எமது தகட்டிலோ பல கோப்புகள் விரிந்து தோன்றின. ஆகவே முதற்றகடு நன்றாக எழுதப்பட்டதே. குற்றம் எமது கணினியின் இயக்கியிடத்தது.

புதிய கணினி உடையார்க்கு வேறொரு தடையும் உண்டு. 2012-ஆம் ஆண்டில் விண்டோஸ் 8 வெளிவந்த காலந்தொட்டு, செக்யூர் பூட் என்னும் காவல் பெரும்பாலான கணினிகளில் அமைந்துள்ளது. தனக்கு நம்பகமான கையொப்பம் இல்லாத எழுப்பு நிரலை அது தடுத்து நிறுத்தும். பழைய தகடுகளை இயக்குவதற்கு அதனை நீக்கிப் பழைய பயாஸ் முறைக்கு மாறவேண்டி வரலாம். ஆயின் பிட்லாக்கர் என்னும் பூட்டு இடப்பட்ட கணினியில் அவ்வாறு செய்தால், அது மீட்புத் திறவுகோலைக் கேட்டு நிற்கக்கூடும். ஆதலின் அத்திறவுகோல் கையிலிருக்கின்றதா என்று பார்த்துக்கொண்ட பின்னரே அமைப்பைத் தொடுக.

எமது கதைக்கு மீள்வோம். இயக்கியின் வில்லையைத் தூய ஆல்கஹாலில் தோய்த்த மெல்லிய துணியால் துடைத்தோம். தகடு முன்னினும் நெடுநேரம் சுழன்றது. எனினும் கணினி எழவில்லை. மூன்றாம் நாள் நண்பர் தமது வெளித் தகட்டியக்கியைக் கொடுத்துதவினார். யு.எஸ்.பி. வழியாக அதனை இணைத்து, தேடும் வரிசையில் அதனை முதலில் வைத்து, தகட்டை இட்டோம். அப்பொழுது உற்பத்தியாளரின் மீட்புத் திரை தோன்றியது. தமையனார் மகிழ்ச்சியால் எமது முதுகில் தட்டி, "தம்பி, இன்னும் ஒரு விசைதான்" என்றார். அவரது விரல் என்டர் விசையின் மேல் இருந்தது.

யாம் திரையைப் படித்தோம். சிறிய எழுத்தில் ஒரு வாக்கியம் இருந்தது. வன்தட்டிலுள்ள அனைத்தும் அழிக்கப்பட்டு, கணினி வாங்கிய நாளில் இருந்த நிலைக்குக் கொண்டுவரப்படும் என்பதே அதன் பொருள். "அண்ணா, பொறுங்கள்!" என்று அலறி அவரது கையைப் பற்றினோம். மூன்று நாட்களாக யாம் எதனை அடையப் பாடுபட்டோமோ, அஃது எமது பாட்டனாரின் குரலை அழித்தற்கான வழியேயாகும்! முதல் நாளிலேயே அத்தகடு இயங்கியிருப்பின், படியாமலே விசையை அழுத்தியிருப்போம் என்பதில் ஐயமில்லை. இயங்காத தகடே எம்மைக் காத்தது.

மீட்பு என்னும் சொல் எம்மை ஏமாற்றிவிட்டது. மீட்புத் தகடு மீட்பது கணினியையேயன்றி, கணினியில் நாம் சேர்த்த பொருளையன்று. கணினியை மீட்டல் வேறு, உடைமையை மீட்டல் வேறு. முன்னது பின்னதற்குப் பகையாதலும் உண்டு. இவ்வொன்றை மட்டும் நேயர் மனத்திற் கொள்ளின், இக்கட்டுரை எழுதியதன் பயனை யாம் பெற்றவராவோம்.

அப்பொழுதுதான் முன்னர் ஒதுக்கிய லினக்ஸ் தகடு நினைவுக்கு வந்தது. லினக்ஸ் தகடுகள் பலவற்றை வன்தட்டில் நிறுவாமலே, தகட்டிலிருந்தே இயக்கலாம். வன்தட்டிலுள்ள இயங்குதளம் சிதைந்திருந்தாலும், அதிலுள்ள கோப்புகளை அவ்வழியே திறந்து பார்க்கலாம். அதனை இட்டு எழுப்பினோம். வன்தட்டு திரையில் தோன்றியது. அதனுள் எமது பதிவுகள் முப்பத்தொன்றும் பெயர் மாறாமல் இருந்தன. முதல் நாளே கையிலிருந்த இம்மருந்தையன்றோ யாம் "எற்றுக்கு" என்று எறிந்தோம்!

ஒரு பென் டிரைவில் பதிவுகளை ஒவ்வொன்றாகப் படியெடுத்தோம். இருபத்தொன்பது முழுமையாக வந்தன. இரண்டு இடையிலேயே நின்றன. வன்தட்டில் ஆங்காங்கே படிக்கவியலாத பகுதிகள் தோன்றியிருந்தன. அவற்றுட் சில இயங்குதளம் இருந்த இடத்தில் அமைந்ததே கணினி எழாமைக்கு மூல காரணம். நலிந்த வன்தட்டை மேலும் மேலும் இயக்குவது நலிவை மிகுவிக்குமாதலின், மிக இன்றியமையாதவற்றை முதலில் எடுத்துக்கொள்ளல் வேண்டும். நின்றுபோன இரண்டனுக்கும் டிடிரெஸ்கியூ என்னும் நிரலைப் பயன்படுத்தினோம். அது படிக்கவியலாத இடத்தில் நின்றுவிடாமல் தாண்டிச் சென்று, நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, பின்னர்த் திரும்பி வந்து கெட்ட பகுதிகளை மீண்டும் முயலும் தன்மையது. அதனால் ஒரு பதிவு முழுமையாகவும், மற்றொன்று இடையிடையே அறுந்தும் கிடைத்தன.

இதன் பின்னரே, புதிய வன்தட்டு ஒன்றைப் பொருத்தி, மீட்புத் தகடுகளை அச்சமின்றி இயக்கினோம். முதலிரண்டு தகடுகளும் படிக்கப்பட்டன. மூன்றாவது தகடு பாதியில் நின்றது. மும்முறை முயன்றும் அதே இடத்தில் நின்றது. நண்பரது கணினியிலும் அத்தகட்டிலுள்ள கோப்புகள் சில திறக்கவில்லை. எழுதிய தகட்டின் சாயம் வெயிலாலும் வெப்பத்தாலும் சிதையும். வாலாஜாபேட்டைக் கோடையில் சாளரத்தருகே பல்லாண்டுகள் கிடந்த தகட்டுக்கு அதுவே நேர்ந்திருத்தல் வேண்டும். நான்கனுள் ஒன்று கெடினும் தொகுதி முழுவதும் பயனற்றதே. எங்ஙனமாயினும், அத்தகடுகளிலிருந்த விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அளித்துவந்த பாதுகாப்பு உதவி 2020-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாளோடு முடிந்துவிட்டது. ஆதலின் மீட்பு முயற்சியைக் கைவிட்டு, லினக்ஸையே நிறுவினோம். தமிழ் எழுதவும் படிக்கவும் அஃது எமக்குப் போதியதாயிருக்கின்றது.

யாம் கற்றவற்றைச் சுருங்கக் கூறுவோம். கணினி எழாவிடின் முதலில் பொருளைக் காத்துக்கொள்க, பின்னர்ப் பழுதைப் பார்க்க. தகட்டின் எண், தேடும் வரிசை, இயக்கி, தகடு என்னும் முறையில் ஒவ்வொன்றாகச் சோதிக்க. மீட்புத் தகட்டையோ பென் டிரைவையோ ஆயத்தம் செய்தால், அன்றே அதனைக் கொண்டு கணினியை ஒருமுறை எழுப்பிப் பார்த்து, எச்சரிக்கைத் திரை தோன்றியவுடன் நிறுத்திவிடுக. சோதியாத மருந்து மருந்தன்று. இன்றியமையாத கோப்புகளை ஒரே இடத்தில் வையாமல் மூன்று படிகளாக்கி, ஒன்றை வேற்றூரில் உள்ள உறவினரிடமேனும் வைக்க. விசையை அழுத்துமுன் திரையிலுள்ளதை இறுதிவரை படிக்க.

ஓலைச்சுவடி சிதையுமுன் அதனைப் புதிய ஓலையில் பெயர்த்தெழுதி வந்தமையாலன்றோ பழந்தமிழ் நூல்கள் எஞ்சின! டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887-ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, பல படிகளை ஒப்புநோக்கியே பாடம் கண்டார். ஒரே படி இருந்து அதுவும் செல்லரித்திருப்பின் அவரும் என் செய்வார்? தமிழ் மாணவராகிய யாம் இவ்வுண்மையை வகுப்பறையில் பன்முறை கேட்டிருந்தும், எமது வீட்டுக் கணினிக்கு அது பொருந்துமென்று நினைத்தோமல்லோம்.

அறுந்த அப்பதிவில் பாட்டனார், சுண்ணாம்புக் குழியிலுள்ள தோல் எடுப்பதற்கேற்ற பதத்தை அடைந்துவிட்டதா என்பதை விரலால் அறியும் விதத்தைச் சொல்லத் தொடங்குகின்றார். "தோலை இப்படி மடித்து..." என்னும் அளவில் குரல் மறைகின்றது. பின்னர்ச் சில விநாடிகள் கழித்து அவரது சிரிப்பு மட்டும் கேட்கின்றது. இடையில் அவர் கூறிய சொல் யாதென்பதை அறிய, அவரோடு உழைத்த முதியவர்களை இராணிப்பேட்டையில் தேடி வருகின்றோம். இம்முறை எமது கையில் ஒலிப்பதிவுக் கருவி இருக்கின்றது. மூன்று படிகளுக்கான இடமும் ஆயத்தமாக இருக்கின்றது.